குளத்துச் சீவன்களும் படப்புத்தகமும்: முன்பள்ளியில எப்படிப் பயன்படுத்துறது?

புதுக்கொப்பி

எல்லாருக்கும் வணக்கம். வன்னியில குளத்தடிக் கிராமம் ஒன்றின் முன்பள்ளி. 22 பிள்ளைகள், மூன்று வயதும் ஐந்து வயதும் ஒரே கொட்டிலுக்குள்ள. நீர்நிலை விலங்குகள் பற்றின படப்புத்தகம் ஆறு இருக்கு. இரண்டு வெளிநாட்டுப் புத்தகம்: பீவர், அன்னம், அலிகேற்றர் எல்லாம் வருது. மூன்று தமிழ்நாட்டுப் பதிப்பு. ஒன்று மடிப்பைத் திறந்தால் விலங்கு எழும்பி நிக்கிற வகை.

இதை வைச்சு எப்படி வாசிக்கிறது, எதை விடுறது, எங்கட குளத்தை வைச்சு நாங்களே ஒன்று செய்யிறதெண்டால் எப்படி? தெரிஞ்ச ஆக்கள் விபரமாச் சொல்லுங்கோ.

பாய்விரிப்பு

ரீச்சர், 22 பேரையும் ஒன்றா இருத்தி ஏ4 அளவுப் புத்தகத்தை விரிச்சால் முன்வரிசை ஏழு பேர்தான் பார்ப்பினம். மற்றவைக்குப் புத்தகத்தின்ர பின்மட்டைதான் தெரியும், பிறகு சண்டை. ஏ4 புத்தகத்துக்கு ஒன்றரை மீற்றருக்குள்ள ஏழு, எட்டுப் பிள்ளைகள்தான் கணக்கு. மூன்று குழுவாப் பிரியுங்கோ. ஒரு குழு வாசிக்கேக்க மற்ற இரண்டும் களிமண்ணிலயோ படம் கீறுறதிலயோ இருக்கட்டும். எல்லாரும் சேர்ந்து பார்க்கவேணுமெண்டால் ஏ3 அளவுக்குக் குறையாத பெரிய புத்தகம் வேணும்.

நீங்கள் இருக்கிறது கதிரையில இல்லை, சின்ன வாங்கில. படம் பிள்ளையின்ர கண்மட்டத்துக்கு வரவேணும். வெளிச்சம் உங்கட முதுகுப் பக்கத்தால வந்தால் படம் இருண்டுபோகும். பிள்ளையளின்ர முதுகுப் பக்கத்தால வரவேணும்.

ஒரு புத்தகம் ஒரு கிழமைக்கு. திங்கள் எழுத்தை வாசிக்கவே வேண்டாம், படத்தை மட்டும் கதைக்கிறது. புதன் எழுத்தோட வாசிக்கிறது. வெள்ளி பிள்ளைகள் பக்கம் புரட்டிச் சொல்ல நீங்கள் கேக்கிறது. மூன்று வயதுக்காரருக்குப் பத்து நிமிடம், மூத்தவைக்குப் பதினைந்து. அதுக்கு மேல இழுத்தால் பாயிலயே உருளத் தொடங்குவினம். ஒரு புத்தகத்துக்குப் புதுச்சொல் நாலுக்கு மேல எடுக்காதேங்கோ.

கேள்வி கேக்கிற விதத்திலதான் பெரும்பாலும் பிழைக்கும். பக்கத்துக்குப் பக்கம் "இது என்ன? இது என்ன?" எண்டு கேட்டால் பெயர்ப் பட்டியல்தான் மிஞ்சும். பிள்ளை "கொக்கு" எண்டு சொன்னால் அங்க நிப்பாட்டாமல் "ஓம், வெள்ளைக் கொக்கு. சேத்துக்குள்ள அசையாமல் நிக்குது" எண்டு நீட்டிச் சொல்லி, அதைப் பிள்ளையையும் சொல்ல வையுங்கோ. அடுத்து "ஏன் அசையாமல் நிக்குது?" கேட்ட பிறகு மனசுக்குள்ள ஐந்து எண்ணுங்கோ. பெரும்பாலான ரீச்சர்மார் இரண்டிலயே தாங்களே மறுமொழி சொல்லிவிடுகினம். உரையாடல் வாசிப்பு எண்டு இதைச் சொல்லுறது. வைட்ஹேர்ஸ்ற் எண்ட உளவியலாளரும் கூட வேலை செய்தவையும் 1988இல் இதை எழுதிவைச்சவை.

குளக்கட்டு

வாசிக்க முதல் ஆறு புத்தகத்தையும் பென்சிலோட இருந்து ஒருக்காப் பாருங்கோ ரீச்சர். படத்தில இருக்கிற பிழையை நாலு வயதில படிச்ச பிள்ளை தரம் ஐந்திலயும் அப்படியே கீறும்.

முதலாவது தவளை. வாற்பேத்தைக்கு (தலைப்பிரட்டை) வெளியில தெரியிறது முதல் பின்னங்கால், பிறகுதான் முன்னங்கால், கடைசியில வால் சுருங்கும். முன்னங்காலை முதல் போட்ட புத்தகங்கள் நிறைய. முட்டையையும் பாருங்கோ: தவளை முட்டை குவியலாக் கிடக்கும், தேரை முட்டை நூல்ல கோத்த மணி மாதிரி நீளமா இருக்கும்.

இரண்டாவது பூநாரை. தாமரைக்குப் பக்கத்தில பூநாரை நிக்கிற படம் வடிவாத்தான் இருக்கும், ஆனால் பிழை. தாமரை நன்னீர். பூநாரை இங்க வாறது உவர்நீருக்கு: வங்காலை, சுண்டிக்குளம் பக்கம், மாரி தொடங்கின பிறகு. தலையைக் கவிழ்த்துப் பிடிச்சுத் தண்ணியை வடிச்சுத் தின்னுற பறவை அது. இளஞ்சிவப்பு சாப்பாட்டால வாற நிறம், குஞ்சு சாம்பல் நிறம். குஞ்சையும் சிவப்பாக் கீறியிருந்தால் அந்தப் பக்கத்தை விடுங்கோ. காலின்ர நடுவில பின்பக்கமா மடியிறது முழங்கால் இல்லை, எங்கட கணுக்கால் மாதிரி. முழங்கால் இறகுக்குள்ள மறைஞ்சிருக்கும்.

அலிகேற்றர் இலங்கையில இல்லை. அமெரிக்காவிலயும் சீனாவிலயும்தான். இங்க இருக்கிறது இரண்டு முதலை: குளங்களில சதுப்பு முதலை, கடனீரேரி, ஆற்றுவாய்ப் பக்கம் உவர்நீர் முதலை. வாய் மூடியிருக்கேக்க கீழ்த்தாடையின்ர நாலாவது பல்லு வெளியில தெரிஞ்சால் முதலை, தெரியாட்டி அலிகேற்றர். பிள்ளைகள் இந்தப் பல்லை ஒருக்காக் கண்டுபிடிச்சால் பிறகு ஒரு முதலைப் படத்தையும் விடமாட்டினம்.

ஆமைப் பக்கமும் கவனம். முதுகு கூரை மாதிரி உயர்ந்து, மேல நட்சத்திரக் கோடு இருந்தால் அது தரையில திரியிற நட்சத்திர ஆமை. அதைத் தண்ணிக்குள்ள நீந்தவிட்ட புத்தகம் ஆபத்தானது, ஏனெண்டால் பிள்ளையள் பிடிச்சுக் கொண்டுபோய்க் குளத்துக்குள்ள விடுவினம். குளத்து ஆமைக்கு ஓடு தட்டையா இருக்கும். பாலாமைக்கு ஓட்டுக்கு மேல தோல் மூடியிருக்கும்.

கூழைக்கடா தொண்டைப் பையில மீனைச் சேர்த்து வைச்சிருக்கிற படமும் பிழைதான். அந்தப் பை அத்தாங்கு வலை மாதிரி மீனை அள்ளிப் பிடிக்கிறதுக்கு. தண்ணியை வடியவிட்டு மீனை உடனே விழுங்கிப்போடும்.

அலைகரை

தமிழ்நாட்டுப் பதிப்பில படம் நல்லாத்தான் இருக்கும், சொல்லுத்தான் இடிக்கும். அங்க "ஏரி" எண்டு வாறது எங்களுக்குக் குளம். அங்க "குளம்" எண்டால் கோயிலடியில இருக்கிற சின்ன நீர்நிலையும் ஆகும், இங்க குளம் எண்டால் இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு. வாத்துக்குத் தாரா, அலகுக்குச் சொண்டு, ஆள்காட்டிக்கு ஆக்காட்டி. பிள்ளை வீட்டில கேக்கிற சொல்லை முதல் சொல்லுங்கோ, அச்சில இருக்கிற சொல்லை இரண்டாவதாச் சொல்லுங்கோ. மாறிச் சொன்னால் பிள்ளை வீட்டுச் சொல்லைப் பிழையெண்டு நினைக்கும். ஒட்டுற லேபிளில வீட்டுச் சொல்லை எழுதி அச்செழுத்துக்கு மேல ஒட்டாமல் கீழ ஒட்டுங்கோ. இரண்டும் தெரியவேணும்.

இன்னொன்று. "ஈரநிலம்" எண்ட சொல்லை நாலு வயதுக்குச் சொல்லவே தேவையில்லை. குளம், களப்பு, வயல், வாய்க்கால், மடு போதும். ஈரநிலத்தை "ஈரவலயம்" எண்டு எழுதின செயல்தாளும் சுத்துது. ஈரவலயம் காலநிலைச் சொல். வன்னி உலர்வலயம், ஆனால் குளத்துக்கும் களப்புக்கும் குறைவில்லை. அதை ரீச்சர்மார் விளங்கிவைச்சால் காணும்.

ஊர்ப்பெயரையும் விடாதேங்கோ. மாங்குளம், விசுவமடு, கொக்குத்தொடுவாய்: பிள்ளையளின்ர சொந்தக்காரர் இருக்கிற ஊர் எத்தனையில தண்ணி இருக்கெண்டு கேட்டால் அரைமணித்தியாலம் ஓடும்.

வேப்பமரத்தடி

கதைக்கிற விலங்குப் புத்தகங்களை என்ன செய்யிறது? சட்டை போட்ட தவளை, கண்ணாடி போட்ட கொக்கு. பிள்ளையளுக்கு அதுதானே விருப்பம்.

குளக்கட்டு

கதைக்கு வைச்சிருங்கோ, பாடத்துக்கு எடுக்காதேங்கோ. கானியா எண்ட ஆய்வாளரின்ர குழு 2014இல் பார்த்த விஷயம்: விலங்கை மனிசர் மாதிரிக் கீறி, மனிசர் மாதிரிக் கதைக்க வைச்ச புத்தகத்தால சின்னப் பிள்ளைகள் அந்த விலங்கைப் பற்றி உண்மையைக் குறைவாத்தான் பிடிக்கினம். மனிசக் குணத்தையும் அதுக்கு ஏத்திவிடுகினம்.

வேப்பமரத்தடி

அப்ப கொக்கும் நண்டும் கதையை என்ன செய்யிறது? அதைச் சொல்லாத அம்மம்மா வன்னியில இல்லை. கதைக்கிற விலங்கைத் தள்ளிவைச்சால் பாதிப் பண்பாட்டையும் தள்ளிவைக்கவேண்டி வரும்.

பாய்விரிப்பு

ஒன்றையும் தள்ளவேண்டாம் அண்ணை, நேரத்தைப் பிரிச்சால் சரி. கொக்கும் நண்டும் கதையை வீட்டுக்குப் போற நேரம் புத்தகமில்லாமல் வாயால சொல்லலாம். காலமை பாயில விரிக்கிற புத்தகத்தில கொக்கு கொக்காகவே இருக்கட்டும். ஒரே நாளில ஒரே விலங்குக்கு இரண்டையும் செய்தால்தான் குழப்பம். குளக்கட்டு சொன்ன பூநாரையும் தாமரையும் படத்தைவிடக் கதைக்கிற விலங்கு பெரிய பிழையில்லை எண்டது என்ர எண்ணம்.

மடிப்புத் திறக்கிற புத்தகத்தைப் பற்றியும் கேட்டனீங்கள் ரீச்சர். 2010இல் வந்த ஒரு ஆய்வில, எழும்பி நிக்கிற விலங்குப் படத்தைவிட வெறும் புகைப்படத்தில இருந்து சின்னப் பிள்ளைகள் பெயரைக் கூடப் படிச்சிருக்கினம். மடிப்பை இழுக்கிறதிலயே கவனம் போயிடுது. அதோட 22 பேர் கைபட்டால் இரண்டாம் கிழமையே முதலையின்ர வாய் கையோட வந்திடும். அதை ஐந்து வயதுக்காரர் தனிய இருந்து பார்க்கிற மூலையில வையுங்கோ.

தூரிகை

சொந்தப் புத்தகம் செய்யிறதுக்கு வாறன். ஒரு பக்கத்துக்கு ஒரு விலங்கு, அது செய்யிற ஒரு வேலை, ஒரு வசனம். "நத்தை மூடியைப் பூட்டிக்கொண்டு சேத்துக்குள்ள கிடக்குது." அவ்வளவுதான். பின்னணியில தாமரை, மலை, சூரியன், வானவில் எல்லாத்தையும் நிரப்பினால் பிள்ளை நத்தையைக் காணாது. புல்லு இரண்டு, தண்ணிக்கோடு ஒன்று போதும்.

பக்கம் புரட்டுற வேலையை வீணாக்காதேங்கோ. எங்கட குருட்டுக்கொக்கு இதுக்கெண்டே பிறந்த பறவை. அணைக்கட்டில குந்தியிருக்கேக்க மண் நிறம், முதுகெல்லாம் கபிலம், கல்லோட கல்லாக் கிடக்கும். எழும்பிப் பறந்தால் செட்டை முழுக்க வெள்ளை. வலது பக்கத்தில குந்தின கொக்கைக் கட்டின்ர நிறத்திலயே கீறி, கண்ணையும் சொண்டையும் மட்டும் கொஞ்சம் அழுத்துங்கோ. "இங்க ஆர் இருக்கினம்?" எண்டு கேட்டுப்போட்டுப் புரட்டவேணும். அடுத்த இரண்டு பக்கத்தையும் குறுக்கறுத்துக்கொண்டு வெள்ளைச் செட்டை. எழுத்தே தேவையில்லை. கீறேக்க ஒரு பிழை வரும்: குந்தின படத்திலயும் வெள்ளையைக் காட்ட மனம் வரும். காட்டினால் ஆட்டம் முடிஞ்சுது.

வெள்ளைக்கொக்குகளுக்கு நிறம் பூசேக்க கையில பட்டியல் வைச்சிருங்கோ. சின்னக்கொக்கு: கறுத்தச் சொண்டு, கறுத்தக் கால், மஞ்சள் பாதம். மாட்டுக்குப் பின்னால போற கொக்கு: மஞ்சள் சொண்டு. அது தின்னுறது பெரும்பாலும் மாடு நடக்கேக்கக் கிளம்புற பூச்சியை. உண்ணி பொறுக்குது எண்டு மட்டும் எழுதி நிப்பாட்டாதேங்கோ.

அளவுதான் படப்புத்தகத்தின்ர பெரிய பலவீனம். எல்லா விலங்கும் பக்கத்தின்ர அளவுக்கு வந்திடும், மீன்கொத்தியும் முதலையும் ஒரே பருமன். தும்புக்கயிறை அளந்து வெட்டி, முனையில படத்தைக் கட்டிவையுங்கோ. சின்ன நீல மீன்கொத்தி 17 சென்ரிமீற்றர், குருட்டுக்கொக்கு 45, சின்னக்கொக்கு 60, கூழைக்கடா ஒன்றரை மீற்றருக்குக் கிட்ட, வளர்ந்த முதலைக்கு 4 மீற்றர். முதலைக் கயிறை நிலத்தில நீட்டிப் பிள்ளையளைத் தலைக்குக் கால் வரிசையாப் படுக்க விட்டால் நாலு பேர் வேணும். அதுக்குப் பிறகு அந்தப் பக்கத்தைத் திறந்தால் கொட்டில் அமைதியாகும்.

நூல்கட்டு

கட்டுற முறை சொல்லுறன். ஏ3 தாள் நாலு, தடிப்பு சதுர மீற்றருக்கு 120 இலிருந்து 160 கிராம் வரை. நடுவில மடிச்சால் ஏ4 அளவில 16 பக்கம். ஒரு தாளின்ர ஒரு முகத்தில பக்கத்துப் பக்கத்தில வாற இரண்டு பக்க எண்ணையும் கூட்டினால் எப்பவும் 17 வரவேணும்: 16உம் 1உம், 2உம் 15உம், 14உம் 3உம், இப்படியே. வராட்டி எங்கயோ மாறிப்போச்சு. போட்டோக்கொப்பிக் கடையில இருபக்கமும் அடிக்கேக்க குறுகின விளிம்பால புரட்டச் சொல்லுங்கோ, இல்லாட்டிப் பின்பக்கம் தலைகீழா வரும்.

மட்டைக்குப் பிறிஸ்டல் போட். அதை நேரா மடிச்சால் வெடிக்கும். எழுதி முடிஞ்ச பேனையின்ர முனையால அடிமட்டத்தோட அழுத்திக் கோடு போட்டு, பிறகு மடியுங்கோ.

ஸ்ரெப்ளர் வேண்டாம். கடற்கரைப் பக்கம் ஒரு மாரிக்குள்ள கம்பி கறள்பிடிச்சுத் தாளையும் அரிக்கும், பிள்ளையின்ர விரலிலயும் குத்தும். நடுமடிப்பில ஐந்து ஓட்டை, சாக்கு ஊசியால. நூல் முதுகின்ர நீளத்தைப் போல இரண்டரை மடங்கு. வலைநூல் பலமெண்டு அதைப் போடுற ஆக்கள் இருக்கினம்: நைலோன் முடிச்சு வழுக்கும், இறுக்கினால் தாளை அறுக்கும். பருத்தித் தையல்நூலை நாலு இழையாக்கி மெழுகுதிரியில இரண்டு தரம் இழுத்தால் போதும். நடு ஓட்டையால உள்ளிருந்து வெளியில தொடங்கி, மேல போய் வந்து, கீழ போய் வந்து, நடுவிலயே முடியுங்கோ.

லமினேற் செய்யிறதெண்டால் மடிக்கிற புத்தகத்துக்குச் செய்யாதேங்கோ, மடிப்பில பிளக்கும். தனித்தனிப் பக்கமா லமினேற் செய்து, ஓரத்திலயிருந்து 1 சென்ரிமீற்றர் தள்ளி ஓட்டை போட்டு வளையத்தில கோக்கவேணும். பிளாஸ்ரிக் விளிம்பு சுத்திவர 4 மில்லிமீற்றராவது மிஞ்சட்டும். தாள் விளிம்போட வெட்டினால் எச்சிலும் ஈரமும் உள்ள போய் ஒரு மாதத்தில பூஞ்சணம். மினுக்கம் இன்னொரு தொல்லை, பக்கத்தில இருக்கிற பிள்ளைக்கு வெறும் வெளிச்சம்தான் தெரியும். மங்கல் வகைத் தாள் கிடைச்சால் எடுங்கோ. இங்ஜெற் பிறின்ற் எண்டால் ஒரு நாள் காயவிட்டுத்தான் லமினேற்.

நிலத்தில அடுக்கினால் கறையான். மூடியுள்ள பிளாஸ்ரிக் வாளி, அடியில காஞ்ச வேப்பிலை.

புதுக்கொப்பி

மிச்சம் நன்றி. அந்த 17 கணக்கு இல்லாமல் இருந்தால் முழுசும் பிழைச்சிருக்கும். இன்னும் இரண்டு கேள்வி. புத்தகம் வாசிச்ச பிறகு கையால செய்யிற வேலை என்ன குடுக்கலாம்? பிள்ளையளைக் குளத்துக்குக் கூட்டிக்கொண்டு போகலாமோ?

பாய்விரிப்பு

சொண்டு வேலையைச் செய்யுங்கோ. 5 லீற்றர் தண்ணியோட அகன்ற பேசின் ஒன்று. உள்ளுக்குக் குரக்கன் இரண்டு மேசைக்கரண்டி, விரல் நீளத்துக்கு வெட்டின வாழைநார்த் துண்டு பத்து, புளியங்கொட்டை இருபது. சொண்டுக்குத் தேத்தண்ணி வடி, உடுப்புக் கிளிப், பெரிய அகப்பை. பூநாரைக்கு வடி, கொக்குக்குக் கிளிப், கூழைக்கடாவுக்கு அகப்பை. ஒவ்வொரு சொண்டாலயும் எதை எடுக்க ஏலும் எண்டு பிள்ளைகளே சொல்லட்டும். வடியால வாழைநார் வராது, கிளிப்பால குரக்கன் வராது. பிறகு புத்தகத்தைத் திறந்து சொண்டை மட்டும் காட்டி "இது என்ன தின்னும்?" கேளுங்கோ.

மூன்று வயதுக்காரரிட்டப் புளியங்கொட்டையை விடாதேங்கோ, மூக்குக்குள்ள போகும். அவைக்கு வாழைநாரும் அகப்பையும் காணும். தண்ணி வேலை முடிய பேசினைக் கவிழ்த்துவையுங்கோ, நுளம்புக்கு ஒரு வாளி தண்ணியே போதும்.

குளக்கட்டு

குளத்துக்குப் போறதெண்டால் அணைக்கட்டுக்கு மேல மட்டும், துருசடியும் (தண்ணி திறக்கிற மதகடி) அலைகரையும் வேண்டாம். ஐந்து பிள்ளைக்கு ஒரு பெரியாள், அதுக்குக் குறைஞ்சால் போகவேண்டாம். முதலை காலமை வெயில் காய ஏறுறது சரிவான கரையில. தாமரை படர்ந்த இடத்தில தண்ணியின்ர ஆழம் தெரியாது. வயல் வாய்க்காலுக்குள்ள வெறுங்காலோட இறக்காதேங்கோ, எலிக்காய்ச்சல் அந்தத் தண்ணியாலதான் வாறது. வன்னியில கண்ணிவெடி அகற்றி முடியாத இடம் இன்னும் இருக்கு. பழகின பாதையை விட்டு ஒரு அடியும் வேண்டாம். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையையும் ஒரு படமாக் கீறி, புத்தகத்தின்ர கடைசிப் பக்கத்தில சேர்க்கிறது நல்லது. இங்க அதுவும் ஒரு நீர்க்கரைப் பாடந்தான்.

காலம் பார்த்துப் போங்கோ. கார்த்திகை, மார்கழியில தண்ணி நிறைஞ்சு வான் பாயேக்க பறவை பரந்து போயிருக்கும், கிட்டக் காண ஏலாது. வைகாசி தொடக்கம் தண்ணி வத்த வத்த மீன் சின்னக் குட்டைக்குள்ள ஒதுங்கும், கொக்கும் நாரையும் நீர்க்காகமும் அங்க கூடும். அப்ப அணைக்கட்டில நிண்டே எண்ணலாம்.

வாற்பேத்தையைப் போத்திலில பிடிச்சு வைக்கிற பழக்கம் வேண்டாம். சூட்டில ஒரே நாளில செத்துப்போகும், முன்னங்கால் வந்த பிறகு ஏறி நிக்கக் கல் இல்லாட்டி மூழ்கும். மழைக்குப் பிறகு பள்ளி முற்றத்து ஓரத்திலயே தேங்கின தண்ணி இருக்கும். வெள்ளைக் கோப்பை ஒன்றால அள்ளி, பத்து நிமிடம் பார்த்து, அங்கேயே ஊத்துங்கோ. நாலு நாளைக்கு ஒருக்காப் பார்த்தால் பின்னங்கால் வாறதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பினம், புத்தகத்தில பிழை இருந்தால் அதையும் சொல்லுவினம்.

வேப்பமரத்தடி

அந்தப் பீவர்ப் புத்தகத்தைப் பற்றி ஒருத்தரும் ஒன்றும் சொல்லேல்லை. பெட்டிக்குள்ள போடுறதோ?

தூரிகை

ஏன் போடவேணும்? இரண்டு கடதாசிப் பெட்டி எடுத்து ஒன்றில "எங்கட குளத்தில இருக்கு", மற்றதில "இல்லை" எண்டு எழுதி, ஆறு புத்தகத்திலயும் வாற விலங்குகளைப் போட்டோக்கொப்பி எடுத்து வெட்டிப் போடச் சொல்லுங்கோ. அன்னத்திலயும் அலிகேற்றரிலயும் வாக்குவாதம் வரும், வரட்டும்.

பீவர் தடியும் சேறும் வைச்சுத் தண்ணியை மறிச்சு அணை கட்டுற விலங்கு. அந்தப் பக்கத்தை விரிச்சு வைச்சுக்கொண்டு எங்கட குளக்கட்டு ஆர் கட்டினது எண்டு கேளுங்கோ. "டோசர்" எண்டு ஒரு பிள்ளையாவது சொல்லும்.